ஏழாம் மெஷினில் நாற்பத்தொன்று

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனியின் மெஷின் ரூமுக்கு முதல் கேபிளை இழுத்தவன் நான். மழைத் தண்ணீர் வாசல்படி ஏறிய வருஷம், யூபிஎஸ் பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனவன் நான். ஏசி செத்துப்போன ஒரு சித்திரையில் ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான்கு பெடஸ்டல் ஃபேனைக் கட்டிவைத்து, இரண்டு நாள் ஒரு சர்வரும் நிற்காமல் ஓட்டினேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட இந்த ஏழுமலை, இன்ஜினியரிங் படித்தவர்கள் நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து, அவர்கள் மூன்று மெஷின் கேட்ட இடத்தில் ஒரே மெஷினில் வேலையை முடித்துக் காட்டினான். இங்கிலீஷில் ஒரு கடுதாசி எழுதத் தெரியாது. ஆனால் மெஷினின் அடிமூளையான கெர்னல் கக்குகிற எந்த வரியையும், அதன் உருவத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

நம் ஆண்டு மலருக்கு இப்படி நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லி மேனேஜர் கேட்டார். பழைய மெஷின்களையெல்லாம் கழிக்கப்போகிறார்களாம், புதுப் பிள்ளைகளுக்கு அவற்றின் கதை தெரிய வேண்டுமாம். முதல் பத்தியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆகவில்லை. முப்பது வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டிருப்பதுதானே. இரண்டாவது பத்திக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குக் காரணம் இருக்கிறது.

பழைய மெஷின்களைக் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று போன மாதம், ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருக்கும் கரையான்சாவடி வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தேன். மெஷின் ரூமில் பாஸ்கர் ஒரு புதுப் பையனிடம் வேலை சொல்லிக்கொண்டிருந்தான். பாஸ்கர் என்னோடு பதினாறு வருஷம் இருந்தவன், வாய் ஓயாதவன். அந்தப் பையன் ஏதோ தட்டி முடித்து என்டரை அமுக்கப் போனான். பாஸ்கர் அவன் கையைப் பிடித்து, "டேய் மச்சான், எண்ணிப் பாத்துகினு அமுக்கு. கலைவாணி பண்ணிடாத" என்றான். பையன் சிரித்தான். எனக்கும் பழக்கதோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

கலைவாணி யார் என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. வேலைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் வாரமே அந்தச் சொல் வந்துவிடுகிறது. கணக்கைத் தப்பாகப் போட்டு மெஷினைக் கவிழ்ப்பதற்கு நம் ரூமில் அந்தப் பெயரை வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் அங்கே வந்தது என்னால். அதைத்தான் எழுதப்போகிறேன்.

என் படிப்பு, பயிற்சி எல்லாம் சுருக்கம். ஃபேன் காயில் சுற்றினேன். பிறகு யூபிஎஸ் மாட்டுகிற வேலைக்குப் போனேன். யூபிஎஸ் மாட்டப் போன இடத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன், மூடவில்லை. இந்தக் கம்பெனி ஆரம்பித்தபோது எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, யாரும் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் திரையைப் பார்த்து ஒவ்வொரு கட்டளையாகப் படம்போல மனப்பாடம் செய்தேன். அவ்வளவுதான்.

எங்கள் தொழில், ஒரு பெரிய மெஷினுக்குள் பல சின்ன மெஷின்களை ஓட்டி வாடகைக்கு விடுவது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனக்கென்று தனி மெஷின் இருப்பதாக நினைத்துக்கொள்வார். உள்ளே பார்த்தால் எல்லாம் ஒரே கூரைக்குள். அந்தச் சின்ன மெஷின் ஒவ்வொன்றையும் நாங்கள் 'குடித்தனம்' என்போம். ஒரு குடித்தனத்துக்கு நான்கு ஜிபி மெமரி என்று பேச்சு. மொத்த மெமரி நூற்றிருபத்தெட்டு என்றால் முப்பத்திரண்டு குடித்தனத்துக்கு மேல் வைக்க முடியாது. எனக்கு நாற்பது வைக்கத் தெரியும். என் பெருமை அதுதான்.

எப்படி என்று கேட்டால், பூந்தமல்லியில் புதிதாகக் கட்டியிருக்கிற ஃபிளாட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று நாற்பது வீட்டிலும் ஒரே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். வாட்ச்மேன் வீடு வீடாகப் போய் ஒப்பிட்டுப் பார்க்கிறார். முப்பத்தொன்பதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒன்றை மட்டும் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டுகிறார். எல்லோரும் அதையே படித்துக்கொள்ளலாம். யாராவது அதில் எழுத வேண்டுமென்றால் வாட்ச்மேன் ஓடிப்போய் அவருக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். கெர்னலுக்குள் இப்படி ஒரு வாட்ச்மேன் உண்டு. மெமரியைச் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அவர் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றுபோல் இருக்கிற பக்கங்களை ஒன்றாக்கிக்கொண்டே இருப்பார். எல்லாக் குடித்தனத்திலும் ஒரே சிஸ்டம் ஓடுவதால் ஏராளமான பக்கம் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு சுற்றுக்கு எத்தனை பக்கம் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் தூங்கிவிட்டு அடுத்த சுற்று போக வேண்டும் என்பதெல்லாம் நான் தட்டித் தட்டிக் கண்டுபிடித்த அளவுகள். அந்த அளவுகளை இன்றுவரை யாரும் மாற்றவில்லை.

வாட்ச்மேனுக்கு உத்தரவு கொடுப்பது ஒரே ஓர் எண்ணால். ஒன்று போட்டால் வேலை பார்ப்பார். பூஜ்யம் போட்டால் நிறுத்திவிடுவார், ஆனால் ஒன்றாக்கியது ஒன்றாகவே இருக்கும். இரண்டு போட்டால் ஒன்றாக்கிய அத்தனையையும் பிரித்து, அவரவருக்கு அவரவர் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிறுத்துவார். எனக்கு ஒன்றும் பூஜ்யமும் அத்துப்படி. இரண்டை நான் என் சர்வீஸில் ஒரு நாளும் போட்டதில்லை. அதைப் பற்றி எழுதியிருந்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொல்லச் சொல்லி யாரையும் கேட்கவும் இல்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

அப்போது எங்களுக்கு மேலே இருந்தவர் தேவராஜ் சார். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வு பார்த்து ரிட்டயர் ஆகி எங்களிடம் வந்தவர். சத்தமே போடமாட்டார். பியூனில் இருந்து முதலாளி வரை எல்லோருக்கும் 'ங்க'தான். காலையில் ரூமுக்குள் வந்ததும் புறங்கையை ஒவ்வொரு மெஷினின் முதுகிலும் வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. சட்டைப் பையில் ஒரு மொட்டைப் பென்சில் இருக்கும். அதைச் சீவி நான் பார்த்ததில்லை.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. எந்த மெஷினில் எந்த மாற்றம் செய்தாலும் இரண்டு பேர் வேண்டும். மெஷினுக்குப் பொறுப்பாளி பக்கத்தில் நிற்க வேண்டும், தட்டுகிறவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தட்டுகிறவர், செய்யப்போகிற மாற்றத்தை முன்கூட்டியே எழுதிய தாளை வாய்விட்டுப் படிப்பார். கடைசியில், "தாள் எழுதின பிறகு மெஷின்ல மாத்தம் உண்டா?" என்று கேட்பார். பொறுப்பாளி, "மாத்தம் இல்ல" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் என்டர். கையெழுத்தை விட வாய்ச்சொல் பெரிது என்பார் தேவராஜ் சார். "கையெழுத்து பழகிப்போகுங்க. வாய்விட்டுச் சொல்றப்போ மனுஷனுக்குக் கொஞ்சமாவது உறைக்கும்." எனக்கு உறைக்கவில்லை.

கலைவாணி விருதுநகர்ப் பக்கத்துப் பெண். குமணன்சாவடியில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரு ஃபிளாட்டில் இருந்தாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மாதச் சம்பளத்தில் ஊரில் தம்பியைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் கணக்கோடு பேசுவாள்.

ஒரு நாள் அவள் தேவராஜ் சாரிடம், வாட்ச்மேனை நிறுத்தியாக வேண்டும் என்றாள். வெளியே ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறதாம். அதே ஃபிளாட் கணக்கில் சொன்னால், ஒரு வீட்டுக்காரன் வேண்டுமென்றே ஒரு நோட்டீஸில் கிறுக்கப் போகிறான். உடனே எழுத முடிந்தால் அது அவனுடைய சொந்தக் காகிதம். வாட்ச்மேன் ஜெராக்ஸுக்கு ஓடியதில் கண் சிமிட்டும் நேரம் தாமதமானால், அதே காகிதம் வேறு வீட்டிலும் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அப்படியே அளந்து அளந்து பக்கத்து வீட்டில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கலாம். "நம்ம குடித்தனத்துல ரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கு சார், வக்கீல் ஆபீஸ் இருக்கு. ஆருக்கும் தெரியாமப் பாக்க வழி இருக்குன்னா நாம அடைக்கணும்ல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் கட்டிய வீட்டில் ஓட்டை என்கிறாளே.

"இன்னாமா, பத்து வருசமா ஓடிகினு கீது. ஒருத்தன் வந்து மோந்து பாத்தானா?" என்றேன்.

"மோந்து பாத்தா நமக்குத் தெரியாதுண்ணே. அதான் பிரச்சினையே."

தேவராஜ் சார் மொட்டைப் பென்சிலால் மேசையைத் தட்டினார். "பொண்ணு சொல்றது சரிங்க. முதல்ல ஏழாம் மெஷின்ல செய்யலாம். தாள் எழுதுங்கம்மா."

அவள் எழுதிய தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஏழாம் மெஷினில் இருந்த நாற்பது குடித்தனத்தில் பத்தை வேறு மெஷின்களுக்கு மாற்றுவது. மீதி முப்பது. முப்பதுக்கு நான்கு நான்காக நூற்றிருபது. மெமரி நூற்றிருபத்தெட்டு. எல்லாவற்றையும் பிரித்தாலும் எட்டு மிச்சம். அதற்குப் பிறகு இரண்டு போடுவது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பத்தையும் அவளே மாற்றி முடித்தாள். 'திங்கள் வரை இதில் எதையும் ஏற்றக் கூடாது' என்று தமிழில் எழுதி மெஷின் கதவில் ஒட்டினாள். தமிழில் எழுதியது எனக்காக.

சனிக்கிழமை மதியம், ரூமில் நான் மட்டும் இருந்தபோது, நான்காம் மெஷினில் ஒரு மெமரிக் குச்சி பழுதானது. அதில் பதினோரு குடித்தனம். அவற்றை உடனே எங்கேயாவது கொண்டுபோக வேண்டும். முறை என்னவென்றால், தேவராஜ் சாருக்கு போன் போட்டுச் சொல்லி, மற்ற மெஷின்களில் இரண்டு மூன்றாகப் பிரித்து ஏற்றுவது. அதற்குச் சாயங்காலம் ஆகும். எனக்குத் திருமழிசையில் தங்கை மகளின் காதுகுத்து. தாய்மாமன் முறையில் பெரியவன் நான்தான்.

ஏழாம் மெஷினைப் பார்த்தேன். கலைவாணி காலி செய்து வைத்ததில் இடம் பெரிதாகத் தெரிந்தது. கதவில் அந்தத் தாள். படித்தேன். படித்துவிட்டுத்தான் பதினொன்றையும் அதிலேயே ஏற்றினேன். பதிவேட்டில் எழுதவில்லை.

காதுகுத்துக்கு நேரமாகிவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். உண்மை அதுவல்ல. பத்து குடித்தனத்தை அவள் இறக்கினாள் அல்லவா, அது எனக்கு அவமானமாக இருந்தது. நான் நாற்பது வைத்த இடத்தில் முப்பதுதான் தாங்கும் என்று ஒரு சின்னப் பெண் தாள் எழுதுகிறாள். நான் பதினொன்றை ஏற்றி, திங்கட்கிழமை எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, எல்லோர் முன்னாலும், "இப்ப எண்ணிப் பாரு கண்ணு, நாப்பத்தொண்ணு கீது" என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். திருமழிசையில் பந்தியில் உட்கார்ந்து அந்த வசனத்தைப் பழகிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தே பார்த்தேன். வாட்ச்மேன் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தார். பதினொன்று ஏறிய சுவடே மெமரியில் தெரியவில்லை. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணி. கலைவாணி உட்கார்ந்திருந்தாள். பொறுப்பாளியாக நான் பக்கத்தில். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு தேவராஜ் சார். பாஸ்கரும் இன்னும் நான்கைந்து பேரும் வேடிக்கை பார்த்தார்கள். தாளை வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரி வந்தது.

"தாள் எழுதின பிறகு மெஷின்ல மாத்தம் உண்டாண்ணே?"

"மாத்தம் இல்ல."

சொல்லிவிட்டேன். குரல்கூடத் தடுமாறவில்லை. அவள் என்டர் பக்கம் கையைக் கொண்டுபோனவள், நிறுத்தி, வேறு ஒரு கட்டளையை அடிக்க ஆரம்பித்தாள். குடித்தனங்களின் பட்டியலை எடுக்கிற கட்டளை. முதல் எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாமா இது? நான் சொன்னது பத்தாதா? எம்மேல நம்பிக்க இல்லியா?"

பாஸ்கர் விடுவானா? "அண்ணாத்தே சொன்னா ஐகோர்ட்டு சொன்ன மாறி. அமுக்கும்மா, டீ ஆறிகினு கீது."

எல்லோரும் சிரித்தார்கள். கலைவாணியின் காது சிவந்துவிட்டது. "அதுக்கில்லண்ணே, ஒரு பழக்கந்தான்" என்று சொல்லி, அடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு இரண்டு போட்டு என்டரை அமுக்கினாள்.

அந்த எழுத்துகளை அவள் அழித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவற்றை அழித்தது அவள் விரல் அல்ல, என் வாய்.

சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் அவள் தட்டிக்கொண்டிருந்த கறுப்பு ஜன்னல் தானாக மூடிக்கொண்டது. "வெளிய தள்ளிருச்சுண்ணே" என்றாள். மறுபடி உள்ளே போகப் பார்த்தாள். மெஷின் பதில் சொல்லவில்லை. "நெட்வொர்க்கா இருக்குமோ?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நாற்பத்தொன்றுக்கு நான்கு நான்காக எவ்வளவு என்று கணக்குப் போட எட்டாம் வகுப்பே போதும்.

மெஷினோடு சேர்ந்த திரை உள்ரூமில் இருந்தது. அதில் நான் காலையிலேயே லாகின் செய்து வைத்திருந்தேன். "நான் உள்ள பாக்கறேன்" என்று ஓடினேன். நான் ஏற்றிய பதினொன்றையும் அங்கிருந்து நிறுத்திவிட்டால் மூச்சு வந்துவிடும். திரை மெதுவாக இருந்தது, ஆனால் உயிர் இருந்தது. கட்டளையை அடித்தேன். அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தேவராஜ் சார்.

"என்னங்க ஏழுமலை, எதாவது தெரியுதா?"

என்டரை அமுக்கினால் நிறுத்துகிற குடித்தனங்களின் பெயர் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். நான்காம் மெஷினின் பெயர்கள் ஏழாம் மெஷினில். அவருக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். என் விரல் என்டர் மேல் இருந்தது. அது கீழே இறங்கவில்லை.

"ஒண்ணும் தெர்ல சார். தொங்கிகினு கீது" என்றேன். அடித்த கட்டளையை அழித்தேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவள் எப்படி அழித்தாளோ அப்படியே.

அதற்குப் பிறகு குடித்தனங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மெமரி தீர்ந்துபோனால் கெர்னல் யாரையாவது கொன்றுதான் இடம் பிடிக்கும். ஐந்தாவதாகச் செத்தது ரத்தப் பரிசோதனை நிலையம். எழுதிக்கொண்டிருந்தபோதே செத்ததால் அவர்களின் பதிவுப் புத்தகம் பாதியில் கிழிந்ததுபோல ஆகிவிட்டது. இரண்டு நாள் முடிவுகள் போயின. மதியம் ஓர் அம்மா போன் செய்தார். போனை எடுத்தது கலைவாணி. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"மூணு வயசுக் கொழந்தைங்க. நரம்பு கெடைக்காம ரெண்டு கையிலயும் குத்துனாங்க. இப்ப மறுபடி கூட்டினு வான்றாங்க. நீங்க இன்னாதான் வேல பாக்கறீங்க அங்க?"

"மன்னிச்சிருங்கம்மா. என் கணக்குலதான் தப்பாயிருச்சு" என்றாள் கலைவாணி. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஒரு கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மெஷினை அணைத்து எழுப்பிய குழப்பத்தில் அந்தப் பதினொன்றையும் நான் சத்தமில்லாமல் வேறு மெஷின்களுக்கு மாற்றினேன். நான்காம் மெஷினின் குச்சி பழுதான நாளை, பதிவேட்டில் சனி என்று எழுத வேண்டிய இடத்தில் திங்கள் என்று எழுதினேன். மெஷின் தானாக எழுதி வைக்கிற பதிவுகளை எடுத்துக் கொடுக்கச் சொல்லி தேவராஜ் சார் யாரிடம் சொன்னார் தெரியுமா? என்னிடம். ரூமிலேயே பழையவன், நம்பிக்கையானவன். சனிக்கிழமை தெரியாதபடி, திங்கள் காலை பத்து மணியிலிருந்து மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் விசாரணை. ஒரு மேசை, மூன்று நாற்காலி.

"கணக்கு எங்க தப்பிச்சுங்கம்மா?"

"வெள்ளிக்கிழமை சரியா இருந்துச்சு சார். முப்பதுக்கு இடம் இருந்துச்சு. எப்படி நெறஞ்சுதுன்னு எனக்கு வெளங்கல. அண்ணன்ட்டக் கேட்டேன்."

"ஏழுமலை?"

"கேட்டுச்சு சார். மாத்தம் இல்லன்னு சொன்னேன். மாத்தம் இல்ல."

இரண்டாவது முறை. அதையும் வாய்விட்டுத்தான் சொன்னேன். கலைவாணி என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. ஒரு கணக்கில் எந்த எண் பொய் என்று கண்டுபிடித்துவிட்ட பார்வை. ஆனால் அவள் கையில் என்ன இருக்கிறது? ஒரு வருஷம் ஆகாத பெண்ணின் சொல், முதல் கேபிள் இழுத்தவனின் சொல். தேவராஜ் சார் மொட்டைப் பென்சிலால் விபத்துப் பதிவேட்டில் எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'மெமரிக் கணக்கில் பிழை. ர. கலைவாணி.' பிறகு அதன்மேல் பேனாவால் எழுதினார்.

அடுத்த மாதம் அவளை நிரந்தரம் செய்யவில்லை. போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடமும். "வாரேண்ணே" என்றாள். "நல்லா இரும்மா" என்றேன். எனக்கு அந்த வருஷம் 'சிறந்த ஊழியர்' கேடயம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். ஹாலில் போட்டோவும் மாட்டினார்கள்.

பல வருஷம் கழித்து, ரிட்டயர் ஆவதற்குச் சில மாதம் முன்பு, இரண்டு போட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று படித்த பையன் ஒருவனை ஒரு நாள் கேட்டேன். அவன் கெர்னலில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னான். பிரிக்கும்போது மெமரி போதாமல் போனால், கெர்னல் முதலில் கொல்வது பிரிக்கச் சொல்லிக் கட்டளை போட்டவரைத்தானாம். அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்களாம். சும்மா இருந்த குடித்தனங்களைக் கொல்வதற்கு முன்னால், கேட்டவரையே எடுத்துவிட்டால் பிரிப்பதும் நின்றுபோகும் என்பது கணக்கு. அன்றைக்கு அவள் ஜன்னல் முதலில் மூடிக்கொண்டது அதனால்தான். அதற்குள் பிரிந்துவிட்ட பக்கங்களே மெமரியை விளிம்பு வரை நிரப்பிவிட்டதால், பிறகு குடித்தனங்களும் சாக வேண்டியதாயிற்று. கெர்னலுக்கு வேறு வழி இல்லை. கட்டளையைத் தட்டியது யார் என்றுதான் அதற்குத் தெரியும், இடத்தை நிரப்பியது யார் என்று தெரியாது. நம் ஆபீஸும் தட்டிய கையைத்தான் பார்த்தது. ஆனால் ஆபீஸில் நிரப்பியவன் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

பாஸ்கரின் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்த நாளுக்குப் பிறகு அவளைத் தேடினேன். திருநின்றவூரில் வீடு வாங்கியிருக்கிறாள், நகரத்தில் வேறு ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை காலை ஸ்டேஷன் வாசலில் நின்றேன். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நல்லாருக்கீகளாண்ணே?"

பேச நிறையத் தயார் செய்து வைத்திருந்தேன். மன்னிப்பு, கண்ணீர், எல்லாம். "அன்னிக்கி மாத்தம் இருந்துச்சும்மா" என்றேன்.

மகள் கையை இழுத்தது.

"எத்தன ஏத்துனீங்க?"

"பதினொண்ணு. சனிக்கெழம மத்தியானம்."

கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. "முப்பதும் பதினொண்ணும் நாப்பத்தொண்ணு. நூத்தி அறுவத்தி நாலு." கண்ணைத் திறந்தாள். "அப்ப எங்கணக்கு சரி."

"சரிம்மா."

"இத்தன வருசமா எங்க விட்டேன், எங்க விட்டேன்னு போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேண்ணே. உங்க மேல சந்தேகம் இருந்துச்சு. ஆனா சந்தேகம் கணக்காகாதுல்ல. இப்பயும் ஒரு மெஷின்ல ஏதாச்சும் மாத்தணும்னா மூணு தடவ எண்ணுவேன். எங்கிட்ட வேல பாக்குற பிள்ளைக சிரிக்கும்."

நான் கையைக் கூப்பினேன். அவள் அதைப் பார்க்காததுபோல் மகளின் ரிப்பனைச் சரிசெய்தாள். "எங்கிட்டச் சொல்லிட்டீங்க. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்லண்ணே. எழுதி வச்சிருக்கிற எடத்துல சொல்லுங்க" என்றாள். ரயில் வந்துவிட்டது. போய்விட்டாள்.

அதனால் இங்கே சொல்கிறேன். தேவராஜ் சார் இப்போது இல்லை. அவரிடம் நேரில் சொல்லும் துணிவு எனக்கு வரும் முன் அவர் போய்விட்டார். அவர் கணக்கிலும் அது ஒரு தப்பாகவே நின்றுவிட்டது, அந்தப் பாவமும் என்னுடையதுதான். பாஸ்கருக்கும் இது புதுச் செய்தி. டேய் பாஸ்கர், அன்றைக்கு நீ சிரித்தது என்னை நம்பி.

மேனேஜர் அவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பது வருஷம் எல்லா வேலைக்கும் என் பெயரைப் போடச் சொல்லிச் சண்டை போட்டவன் நான். கேபிள் இழுத்ததற்கு, பேட்டரி சுமந்ததற்கு, வாட்ச்மேனுக்கு அளவு கண்டுபிடித்ததற்கு. நீங்களும் போட்டீர்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் என் பெயரைத் தவறவிட்டுவிட்டீர்கள். விபத்துப் பதிவேட்டில் ஏழாம் மெஷின் பக்கத்தை எடுங்கள். காரணம் என்ற இடத்தில் இருக்கிற பெயரை அடித்துவிட்டு, 'சனிக்கிழமை பதினோரு குடித்தனம் ஏற்றி, இரண்டு முறை கேட்டும் மாற்றம் இல்லை என்று பொய் சொன்னவர் மு. ஏழுமலை' என்று பேனாவால் எழுதுங்கள். பக்கத்தில் நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன், வாய்விட்டும் சொல்கிறேன். அந்தத் திருத்தத்தின் நகல் திருநின்றவூருக்குப் போக வேண்டும்.

அது முடியும்வரை ஹாலில் இருக்கிற என் போட்டோவை இறக்கி வையுங்கள். இனிமேல் மெஷின் ரூமில் எவனாவது எண்ணாமல் என்டரை அமுக்கப் போனால், ஏழுமலை பண்ணிடாதே என்று சொல்லுங்கள். அந்தப் பெயர் என்னுடையது. எனக்குச் சேர வேண்டியது.